எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதாம்

அன்பு மகளுக்கு உன் அம்மாவின் சலாம். அல்லாஹ் உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். வெள்ளிக்கிழமை நீ துபாயிலிருந்து போன் செய்து ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, எனக்கும் உனக்கு வந்ததுதானாம். கர்ப்பப்பை இறங்கியிருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஆபரேஷனுக்குத் தேதி சொல்லணும். நீ பண்ணிக்கிட்டியே, நல்லா ஆச்சா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லும்மா" என்றாய். உன் பக்கத்தில் மாப்பிள்ளை பேசுகிற சத்தம் கேட்டது. கைப்பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஒரே வார்த்தை என்று கேட்டாய், அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள், பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே. உன் அண்ணன் மகள் பார்மசி படிக்கிறவள், இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். அவள் படிப்பாளே என்று நான் கூச்சப்படவில்லை. அவளும் நாளைக்குப் பிள்ளை பெறப்போகிறவள்தான். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும்.

எனக்கு இது எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியாது. நீ பிறந்த வருஷம் உன் அத்தா மலேசியாவில் இருந்தார்கள். பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழியும் முன்னாலேயே சம்பா அறுத்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. அவிக்க வருகிற பெண் வரவில்லை. ஊறப்போட்ட நெல்லை அப்படியே விட்டால் புளித்து நாறிவிடும், அதனால் நானே அண்டாவில் அவித்துக் கூடை கூடையாகக் களத்துக்குத் தூக்கினேன். ஈர நெல்லின் கனம் உனக்குத் தெரியாது, நீ அரிசியைப் பையில்தான் பார்த்திருக்கிறாய். இதைச் சொல்வதால் உன்னால் வந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்கு முன்னால் மூன்று பேர், ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கூடை. அப்புறம் பல வருஷம் ஒன்றும் தெரியவில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு ஒருநாள் குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது, கோழிமுட்டை அளவுக்கு. நம் தெருவில் இதை அடி இறங்கிவிட்டது என்பார்கள். அதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், யாராவது காலை அகட்டி நடந்தால் கண்ணால்தான் சொல்லிக்கொள்வார்கள். நான் காலை அகட்டி நடக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் துணியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, அண்டாவையும் தூக்கிக்கொண்டு, தெருவில் நிமிர்ந்துதான் நடந்தேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு என்று உனக்கே தெரியும்.

எனக்கு ஆறுதலாக இருந்த ஒரே நேரம் தொழுகை. தப்பாக நினைக்காதே, உள்ளபடி சொல்கிறேன். நிற்கும்போது கீழே இறங்கி உரசிக்கொண்டிருக்கிற அது, சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து இடுப்பைத் தூக்கியதும் தானாகவே உள்ளே போய்விடும். அடிவயிற்றில் இருக்கிற பாரம் விட்டுப்போகும். அந்தச் சுகத்தில் நான் எழுந்திருக்க மாட்டேன். ஓத வேண்டியதை ஓதி முடித்து, திரும்ப ஓதி, அதற்கு மேலும் அப்படியே இருப்பேன். நம் எதிர்வீட்டு பல்கீஸ் வீட்டில் ஒருநாள் மவ்லிது ஓதிவிட்டு அஸருக்கு எல்லோரும் தனித்தனியாகத் தொழுதோம். நான் சலாம் கொடுத்துத் திரும்பினால், தொழுது முடித்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நாமளும் தொழுறோமே, கோழி கொத்துற மாதிரி. லாத்தாவப் பாருங்கடி, சஜ்தாவுக்குப் போனா துனியாவே மறந்துடுது" என்றாள் பல்கீஸ்.

"மறக்காம என்ன, அவங்க வூட்ல வம்பளக்க ஆளு இல்ல. எங்க வூட்ல மாமியா கூப்புட்டுக்கிட்டே இருக்கும்" என்று ஒருத்தி சிரித்தாள்.

"லாத்தா, எம் மவனுக்கு விசா இழுத்துக்கிட்டே கெடக்கு. அடுத்த சஜ்தாவுல ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்களேன்" என்றாள் இன்னொருத்தி.

விசா வந்தது. ஒரு தட்டு நிறைய அல்வாவும் வந்தது. நான் வாங்கிக்கொண்டேன். இல்லையம்மா, எனக்கு அடி இறங்கியிருக்கிறது, அதனால்தான் எழுந்திருக்கவில்லை என்று எப்படிச் சொல்வது. பேர் நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

உன் அத்தா மௌத்தாகி, வாசல் தாண்டாமல் நான் இத்தாவில் இருந்த மாதங்களில்தான் முதல்முதலாக ஒருத்தரிடம் வாயைத் திறந்தேன். உன் மாமியிடம்தான். அத்தாவின் தங்கைக்கு வாயில் பூட்டு இல்லையென்று நீங்களெல்லாம் சொல்வீர்கள். அவள்தான் கேட்டாள். "ஏன் மச்சி, உக்காந்தா எழுந்திரிக்கிறீங்க, எழுந்தா சுவத்துல சாயுறீங்க, என்ன ஒடம்புக்கு?" என்றாள். சொன்னேன்.

"அட, அதுவா! நான் என்னமோன்னு பயந்துட்டேன். எனக்கும்தான் இருக்கு. நம்ம தெருவுல பாதிப் பேருக்கு இருக்கும், எவளும் சொல்ல மாட்டாளுவ."

"நீ என்னடி செய்யிறே?"

"என்ன செய்வேன், உள்ள தள்ளி வுட்டுட்டு சோறாக்கப் போயிடுவேன். ஆனா உங்களுக்கு நான் வுட மாட்டேன். இத்தா முடியட்டும், தஞ்சாவூருக்கு இழுத்துட்டுப் போறேன்."

சொன்னபடி இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே உன் மாமி, "நீங்க பள்ளிக்கூடம் போயிட்டு இருந்தப்பவே இருந்திருக்கும்ங்க" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்கள். பார்த்துவிட்டு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டு முன்னாலும் பின்னாலும் தளர்ந்த சுவரை இழுத்துத் தைத்துவிடலாம் என்றார்கள். ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது, அதை வைத்துத் தாங்கிக்கொள்ளலாம், வேண்டுமானால் முதலில் அது வைத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். வைத்து எடுத்துக் கழுவி என்று இன்னொரு வேலையா என்று நினைத்தேன். அவசரப்பட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். பேச்சு கேட்டது, இரும்புச் சாமான் சத்தம் கேட்டது, என்னை யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று தெரிந்தது, வலி மட்டும் இல்லை. சாயங்காலம் கால் திரும்ப வந்துவிட்டது. மற்றது இன்னும் முழுசாகத் திரும்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். உடம்பைச் சொல்லவில்லை.

தையல் ஆறியபின் காட்டப் போனபோது டாக்டரம்மா முக்கச் சொல்லி, இருமச் சொல்லி, கோடு போட்ட குச்சி ஒன்றால் அளந்து பார்த்தார்கள். "சூப்பர்மா. எல்லாம் அதனதன் இடத்துல இருக்கு. நான் செஞ்சதுலயே நல்லா வந்த கேஸ் உங்களோடது" என்றார்கள். நாங்கள் வெளியே வருவதற்குள் மாமி உனக்குப் போன் போட்டுவிட்டாள். நீ குடும்பக் குரூப்பில் 'அம்மாவுக்கு ஆபரேஷன் சக்சஸ்' என்று போட்டாய். எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள். உன் அண்ணன் அன்றைக்கு பிரியாணி வாங்கிவந்தான். நான் சாப்பிட்டேன். அன்றைக்குக் காலையில் பஸ் ஏறும்போதே எனக்குச் சேலை நனைந்திருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதுதான் உனக்குத் தெரியாத பாதி. ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு ஒன்றுக்குக் கசிந்ததே இல்லை. ஒன்றுக்குப் போக உட்கார்ந்தாலே முக்கினால்தான் வரும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் தூக்கி இடத்தில் வைத்த பிறகு, தும்மினால் வந்தது, இருமினால் வந்தது, குனிந்து எழுந்தால் வந்தது. டாக்டரம்மா பிற்பாடு விளங்கச் சொன்னார்கள். மோட்டார் பம்பில் மாட்டுகிற டியூப் மடங்கியிருந்தால் தண்ணீர் வராது இல்லையா, அப்படி இறங்கி நின்றது குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததாம். இப்போது டியூப் நேராகிவிட்டது, வாய் தளர்ந்திருப்பது இப்போதுதான் வெளியே தெரிகிறதாம். சிலருக்கு இப்படி ஆகுமாம். அதை முன்னாலேயே யாராவது எனக்குச் சொன்னார்களா, சொல்லி எனக்குத்தான் ஏறவில்லையா, தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டேன்.

மற்றவர்களுக்கு இது துணி மாற்றுகிற தொல்லை. எனக்கு ஒளு நிற்கவில்லை, தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவிய சுத்தம் ஒரு சொட்டில் போய்விடும். ஒளு செய்து முஸல்லாப் பாயில் நிற்பேன், முதல் சஜ்தாவிலிருந்து எழும்போது ஒரு சொட்டு. தொழுகை முறிந்தது. கழுவி, துணி மாற்றி, திரும்ப ஒளு செய்து வந்து நிற்பேன். சில நாள் மத்தியான ளுஹரை முடிப்பதற்குள்ளேயே அடுத்த தொழுகைக்குப் பாங்கு வந்துவிடும். எந்தச் சஜ்தாவில் எனக்குச் சுகம் இருந்ததோ அதையே பயந்து பயந்து செய்தேன், நெற்றி பட்டதும் எழுந்துவிடுவேன். பல்கீஸ் பார்த்துவிட்டு, "என்ன லாத்தா, ஆபரேஷனுக்கப்புறம் இவ்ளோ அவசரம்? டாக்டர் ஈமானையும் சேர்த்து எடுத்துட்டாங்களா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுக்கிற ஆலிமாவிடம் போய்க் கேட்டேன். சின்னப் பெண், என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "குனிஞ்சாத்தானே கசியுது? அப்ப நாற்காலியில உக்காந்து சாடையாத் தொழுதுக்கங்க. உங்களுக்கு மார்க்கத்துல இடம் இருக்கும்மா, மனசைப் போட்டு வருத்திக்காதீங்க" என்றாள். இடம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். நாற்காலியில் தொழுகிற எத்தனையோ பேர் என்னைவிட நல்லவர்கள். ஆனால் என் நெற்றி தரையில் பட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அது திமிரா பக்தியா என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அடுத்த முறை தஞ்சாவூர் போனபோது மாமியை வெளியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். "எல்லாம் இடத்துல இருக்குங்க, எனக்குத் தொழ முடியலைங்க" என்றேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்கள். விவரமாகச் சொன்னேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்கள். "நீங்க கேக்கலையேங்க" என்றேன். "நீங்களும் சொல்லலையே" என்றார்கள். இரண்டும் நிஜம்தான், கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அப்புறம், ஒன்றுக்கு வருவதை அடக்குவது போல இழுத்துப் பிடித்து மெதுவாக விடுகிற பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார்கள். சரியாகத்தான் இழுக்கிறேனா என்று சோதித்தும் பார்த்தார்கள், நான் முதலில் வயிற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். அதில் நிற்காவிட்டால் குழாய்க்கு அடியில் டேப் வைத்துத் தாங்குகிற ஒரு சின்ன ஆபரேஷன் இருக்கிறது, அதை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். பயிற்சி செய்ய எனக்கு மறதி. அதனால் தஸ்பீஹ் மணி உருட்டும்போதே செய்தேன், ஒரு மணிக்கு இழுத்து, அடுத்த மணிக்கு விட்டு. முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு நாள் முழுக்க மணி உருட்டுகிறாள் என்று தெருவில் மறுபடியும் பேர் கிடைத்தது.

மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் பொழுது சாய்ந்து மஃரிபுக்குச் செய்த ஒளுவோடு இரவு இஷாவும் தொழுதேன். நடுவில் ஒரு தடவை இருமவும் இருமினேன், வரவில்லை. சலாம் கொடுத்துவிட்டு, இப்போது சந்தோஷம் வரும் என்று அப்படியே உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. எழுந்துபோய் உன் அண்ணனுக்குத் தோசை ஊற்றினேன். உன் அத்தா போனதிலிருந்தே எனக்கு இப்படித்தான் இருக்கிறது, வருவது வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன். நீ என் குரலைக் கேட்டு, 'அம்மா எதுக்கும் அசையமாட்டா' என்று மாப்பிள்ளையிடம் சொல்வாயாமே. அசையாமல் இல்லை, அசைவது எனக்கே தெரியவில்லை.

இந்த வருஷம் தண்ணீர் திறந்து நடவு நடந்துகொண்டிருந்தபோது மறுபடி காட்டப் போனேன். ஒரு சின்ன டாக்டர்ப் பெண் அளந்துவிட்டு, "முன்பக்கச் சுவர் கொஞ்சம் திரும்ப இறங்கியிருக்கும்மா. ஆபரேஷன் முழுசா நிக்கலைன்னுதான் எழுதணும். திரும்பப் பண்ணலாமான்னு மேடம்கிட்ட கேக்கணும்" என்றது.

"எனக்கு ஒன்னும் தெரியலையேம்மா. தட்டுப்படலை, உரசலை, கசியலை. தொழுறேன்."

"உங்களுக்குத் தெரியாதும்மா. அளவுல தெரியுது."

பெரிய டாக்டரம்மா வந்து பார்த்தார்கள். இறங்கியது நிஜம்தான், ஆனால் உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் தொட வேண்டாம், பயிற்சியை விடாதீங்க, கனம் தூக்காதீங்க, வெளியே தட்டுப்பட்டால் அன்றைக்கே வாங்க என்றார்கள். நான் பஸ் ஏறித் திருத்துறைப்பூண்டி வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். ஒன்றுக்குப் போக நடுவில் எங்கும் இறங்கவில்லை, இறங்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. வழியெல்லாம் தண்ணீர் நிறைந்த வயல். அப்போதுதான் யோசித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நான் நனைந்த சேலையோடு பிரியாணி தின்றேன். திரும்ப இறங்கிவிட்டது என்று சொன்ன அன்றைக்கு நான் நன்றாக இருந்தேன்.

இதைத்தான் ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னாய். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த முட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு இன்னொரு வருஷம் இரு என்று யார் சொன்னாலும் நான் இருக்க மாட்டேன், மறுபடியும் அந்த மேஜையில் படுப்பேன். ஆனால் படுப்பதற்கு முன்னால் வாயைத் திறப்பேன். நீயும் திற. உனக்கு எது முடியவில்லை என்று டாக்டரம்மாவிடம் சொல். பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் எடுக்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னாயே, அதை அங்கே சொன்னாயா? இதைச் செய்தால் நான் நாள் முழுக்க நிற்க முடியுமா என்று கேள். இறங்கியது உள்ளே போனபிறகு கசியுமா என்று கேள், அதை முன்னாலேயே சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேள். திரும்ப இறங்குமா, இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேள். உன் வயதில் கர்ப்பப்பையை எடுக்காமலே தூக்கிக் கட்ட முடியுமா என்று கேள். இன்னொரு பிள்ளை வேண்டுமா என்று மாப்பிள்ளையும் நீயும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள், தைத்த பிறகு பேசாதீர்கள். இன்னொன்றையும் அம்மாவாக இருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரரோடு சேர்ந்திருப்பதற்கு வலி இருக்குமா என்று கேட்டுவிடு. எனக்கு அது தேவைப்படவில்லை, உன் அத்தா போன பிறகுதான் நான் செய்துகொண்டேன். உனக்குத் தேவைப்படும். வளையமும் பயிற்சியும் முதலில் பார்க்கலாமா என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இது இன்றைக்கு நாளைக்கு உயிர் போகிற நோய் இல்லை, தேதி சொல்ல அவசரப்படாதே. எல்லாம் கேட்டு, உனக்கு மனசு ஒப்பினால் பண்ணிக்கொள். ஒப்பாவிட்டால் யாருக்காகவும் படுக்காதே.

மாப்பிள்ளையிடம் எனக்கு டிக்கெட் எடுக்கச் சொல். ஆபரேஷன் முடிந்த பிறகு இல்லை, அதற்கு முன்னால் நீ டாக்டரைப் பார்க்கப் போகிற நாளுக்கு. உள்ளே உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நீ கேட்க மறந்ததை நான் தமிழில் கேட்கிறேன், நீ மாற்றிச் சொல். அதற்கு அப்புறமும் இருப்பேன். ஆனால் நான் வந்தால் கைப்பிள்ளையைத் தூக்க மாட்டேன், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் உட்கார்ந்த பிறகு யாராவது கொண்டுவந்து மடியில் வைக்க வேண்டும். நீயும் அந்த நாட்களில் தூக்கக் கூடாது. ஆக, அம்மாவும் மகளும் எதையும் தூக்காமல் சோபாவில் உட்கார்ந்திருக்கப்போகிறோம். பிள்ளையைக் குளிப்பாட்டுவது யார், சோற்றுப் பானையை இறக்குவது யார் என்று மாப்பிள்ளையிடம் இப்போதே கேட்டு வை.

உன் அம்மா